கலாசார மோதலும் கணக்குப் புத்தகமும்

கலாசாரம் என்னும் சொல்லைக் குறித்து எமது எழுத்துலகிலே நிகழ்ந்த வாதங்கள் பல. மரபு என்றும், மண்வாசனை என்றும், மக்கள் இலக்கியம் என்றும் நாம் வாதிட்ட காலங்களில், எத்தரப்பினராயினும் ஒரு விடயத்தில் உடன்பட்டே இருந்தோம். கலாசாரம் என்பது மக்கள் தம் உழைப்பினாலும் கூட்டு வாழ்வினாலும் ஆக்கிக்கொள்வது. சந்தையிலே விலை பேசி வாங்கக்கூடிய பண்டம் அன்று என்பதே அவ்விடயம். இன்றோ அச்சொல் வேறோரிடத்துக்குக் குடிபெயர்ந்துள்ளது. பெருங் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலும், முகாமைத்துவக் கல்லூரிகளின் பாடநூல்களிலும், பங்குச் சந்தைப் பத்திரிகைகளிலும் அது தாராளமாகப் புழங்குகின்றது. ஒரு கம்பனி இன்னொரு கம்பனியை விலைக்கு வாங்குகின்றது, வாங்கியது சீரணமாகாமல் நட்டம் நேர்கின்றது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழக்கின்றனர். காரணம் யாதென வினவினால், 'கலாசார மோதல்' என்ற விடை ஆயத்தமாக நிற்கின்றது.

இவ்விடையை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? சொற்களை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட விமர்சகனுக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஒரு சொல் எதை வெளிப்படுத்துகின்றது என்பதை மட்டுமன்றி, எதை மறைக்கின்றது என்பதையும் அவன் கேட்க வேண்டும். தொலைபேசிக் கம்பனிகள் ஒன்றையொன்று வாங்கியும் விற்றும் வந்த கடந்த மூன்று தசாப்த வரலாறு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். ஏனெனில், கலாசார மோதல் என்ற விளக்கம் இத்துறையில் வழங்கப்பட்ட அளவுக்கு வேறெத்துறையிலும் வழங்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

பாடநூல்கள் விரும்பி எடுத்துக்காட்டும் கதை ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிரின்ற், நெக்ஸ்ரெல் கம்பனிகளின் கதையாகும். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் இவற்றின் இணைப்பு அறிவிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறியது. ஏறத்தாழ 3,500 கோடி டொலர் பெறுமதியான இணைப்பு அது. ஒன்று கன்ஸாஸ் மாநிலத்தின் சமவெளியில் வளர்ந்த பழைய தொலைபேசிக் கம்பனி. ஒழுங்கும் படிமுறை அதிகாரமும் அதன் இயல்பு என்பர். மற்றது தலைநகரை அடுத்த வேர்ஜினியாவில் எழுந்த புதுக் கம்பனி. துணிவும் வேகமும் அதன் இயல்பு என்பர். இரு தலைமையகங்கள், இரு நடையுடை பாவனைகள், இரு பேச்சு முறைகள். இவை பொருந்தாமையால் எல்லாம் பாழாயின என்று பாடநூல் கதையை முடிக்கின்றது.

கதை சுவையானதுதான். ஆயின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வேறு சில விபரங்கள் தென்படுகின்றன. அவ்விரு கம்பனிகளும் நடத்திய கம்பியில்லாத் தொலைபேசி வலையமைப்புகள் அடிப்படையிலேயே வேறுபட்ட தொழில்நுட்பங்களைச் சார்ந்தவை. ஒன்றின் கருவி மற்றதன் வலையமைப்பில் இயங்காது. பொத்தானை அழுத்தியவுடன் பேசக்கூடிய நெக்ஸ்ரெல் சேவையை விரும்பி வாங்கியோரிற் பெருந்தொகையினர் கட்டட வேலைத்தலங்களிலும் லொறிகளிலும் தொழில் புரிந்தோர். அவ்வலையமைப்பின் அலைவரிசையோ பொலிசாரும் தீயணைப்புப் படையினரும் பயன்படுத்திய வானொலிகளோடு இடைமறிப்பட்டது. அதனை ஒழுங்குசெய்து மாற்றுமாறு அரசின் தொடர்பாடல் ஆணைக்குழு 2004ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டிருந்தது. இவற்றை அறிந்தே வாங்கினர், அறிந்தே விற்றனர். இரண்டு வலையமைப்புகளையும் ஒருங்கே பராமரிக்கும் செலவு பெருகியது, வாடிக்கையாளர் விலகினர். 2007ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,970 கோடி டொலர் ஒரே வீச்சில் நட்டமென எழுதித் தள்ளப்பட்டது. நெக்ஸ்ரெல் வலையமைப்பு 2013ஆம் ஆண்டு ஜூன் மாத முடிவில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது.

இதன் விலையைச் செலுத்தியோர் யாவர்? தலைமை நிர்வாகி 2007ஆம் ஆண்டு ஒக்டோபரில் விலகினார். கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான கொடை அவரைத் தொடர்ந்தது. 2008ஆம் ஆண்டு ஜனவரியில் ஏறத்தாழ 4,000 ஊழியரின் வேலைகள் நீக்கப்படும் என்ற அறிவித்தல் வந்தது. கழுத்துப்பட்டி அணிந்தவனும் அணியாதவனும் ஒருவரோடொருவர் பேச அறியாமையால் நேர்ந்த விபத்து இது என்று கூறுவது, பாலத்தைத் தரக்குறைவான சீமெந்தால் கட்டிவிட்டு, அதன் மேல் நடந்தோரின் நடை பிழை என்று கூறுவதை ஒக்கும்.

இதே ஸ்பிரின்ற் கம்பனியின் வரலாற்றில் பாடநூல்கள் அதிகம் பேசாத இன்னோர் அத்தியாயமும் உண்டு. அது விலைக்கு வாங்கிய கிளை நிறுவனமொன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்பானிய மொழி பேசும் மக்களுக்குத் தொலைதூரத் தொலைபேசிச் சேவையை விற்று வந்தது. அங்கு பணியாற்றியோரிற் பெரும்பாலோர் இலத்தீன் அமெரிக்கப் பெண்கள். அவர்கள் தொழிற்சங்கம் அமைக்க முற்பட்டனர். வாக்கெடுப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரமே இருக்கையில், 1994ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அந்நிறுவனம் மூடப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்டோர் தெருவில் விடப்பட்டனர். நட்டமே காரணம் என்றது கம்பனி. தொழில் உறவுச் சபை தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. 1997ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிக் கம்பனியின் வாதத்தை ஏற்றது. எல்லைக்கு அப்பாலிருந்து அவர்களுக்காக முறைப்பாடு செய்தது மெக்சிக்கோவின் தொலைபேசித் தொழிலாளர் சங்கம். மொழியாலும் நாட்டாலும் பிரிந்தோர் இங்கே மோதிக்கொள்ளவில்லை, கைகோத்தனர். மோதல் நிகழ்ந்த இடம் வேறு. கலாசாரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் முகாமைத்துவ ஆசிரியர் இக்கலாசாரத்தை ஏன் காண்பதில்லை என்று நாம் வினவுவதில் தவறில்லை.

* * *

எனினும், எமது வாதத்தை மிகைப்படுத்திக்கொள்ள நாம் விரும்பவில்லை. வேலைத்தலங்களிலே கலாசார வேறுபாடு என ஒன்றில்லை என்று கூறுவோமாயின் அது யதார்த்தத்துக்கு முரணாகும். கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்தவனுக்கும், மேசையிலிருந்து சேவையை விற்றவனுக்கும் உலகம் ஒன்றுபோல் தோன்றுவதில்லை. ஒருவன் தன் வேலையின் தரத்தைப் பழுது நீங்கிய இணைப்பைக் கொண்டு அளக்கிறான். மற்றவன் மாத முடிவில் விற்ற தொகையைக் கொண்டு அளக்கிறான். இவ்வேறுபாடு உண்மையானது. முகாமைத்துவ நூலார் இதனைக் கண்டது சரியே. அவர்கள் தவறுவது காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றி வைக்கும்போதுதான். வேறுபாடு இருப்பதனால் துன்பம் பிறப்பதில்லை. ஒரு கலாசாரத்தை அழித்து அதன் மீது மற்றதை ஏற்றுவதற்கு யாருக்கோ ஒரு தேவை ஏற்படுகையிலேயே துன்பம் பிறக்கின்றது. அத்தேவையின் பெயர் பெரும்பாலும் கடன் என்பதாகும்.

இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது பிரான்ஸ் ரெலிகொம் நிறுவனத்தின் வரலாறு.

பிரான்சிலே தொலைபேசி நெடுங்காலம் தபால் தந்தித் திணைக்களத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1960களில் அந்நாட்டின் தொலைபேசி நகைப்புக்குரிய பொருள்; இணைப்புக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 40 இலட்சமாக இருந்த இணைப்புகள் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு கோடியாகப் பெருகின. அரசின் முதலீடும் பொறியியலாளர், தொழில்நுட்பவியலாளர், கம்பியிழுப்போர், இயக்குநர் ஆகியோரின் உழைப்பும் சேர்ந்து அதனைச் சாதித்தன. 1982ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்குப் பரவிய 'மினிற்றெல்' என்னும் சிறு திரைக் கருவி, இணையம் வருமுன்னரே இணையத்தின் பல பயன்களை அந்நாட்டுக் குடும்பங்களுக்கு அளித்தது. புயலில் கம்பி அறுந்தால் இரவென்றும் விடுமுறையென்றும் பாராது புறப்படுவது அவ்வூழியர்க்கு இயல்பாயிற்று. பொதுச் சேவை என்ற சொல் அவர்களுக்கு வெறும் சுலோகமன்று. அன்றாடத் தொழிலின் பொருள் அதுவே. கலாசாரம் என்ற பெயருக்கு உரியது உண்டெனின், இதுவே கலாசாரம்.

1991ஆம் ஆண்டில் அது திணைக்களத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பங்குக் கம்பனியாக்கியது. 1997ஆம் ஆண்டு ஒக்டோபரில் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1998ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஐரோப்பியத் தொலைபேசிச் சந்தை போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. ஊழியரிற் பெரும்பான்மையோர் அரசாங்க உத்தியோகத்தராகவே தொடர்ந்தனர். இவ்விடயத்தை வாசகர் மனத்திலிருத்த வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றின் திறவுகோல் இதில் உண்டு.

அக்காலத்திற் கம்பனிகள் கைமாறிய வேகம் வியப்புக்குரியது. 1994ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் சேவையைத் தொடங்கிய ஒரேஞ்ச் கம்பனியை 1999ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மனெஸ்மன் வாங்கியது. மனெஸ்மனோ 1890ஆம் ஆண்டில் உருக்குக் குழாய் செய்வதற்கெனத் தோன்றிய நிறுவனம். சில மாதங்களுக்குள், 2000ஆம் ஆண்டில், மனெஸ்மனை ஏறத்தாழ 18,000 கோடி யூரோ பெறுமதிக்கு வொடபோன் விழுங்கியது. விழுங்கியதில் ஒரேஞ்சை உமிழ வேண்டும் என ஐரோப்பிய ஆணைக்குழு நிபந்தனையிட்டது. அதே ஆண்டில் பிரான்ஸ் ரெலிகொம் அதனை ஏறத்தாழ 4,000 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஒரேஞ்சின் ஊழியர் ஓராண்டு காலத்துள் பிரித்தானிய, ஜேர்மானிய, மீண்டும் பிரித்தானிய, பின்னர் பிரெஞ்சு எசமானரைக் கண்டனர். இத்தகைய வேகத்தில் எந்தக் கலாசாரம் எதனோடு மோதுவதற்கு நேரமிருந்தது?

ஏனைய கம்பனிகள் இவ்வாறான கொள்வனவுகளுக்குத் தம் பங்குகளையே பணமாகக் கொடுத்தன. பிரான்ஸ் ரெலிகொமுக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருக்க வேண்டுமெனச் சட்டம் விதித்திருந்தமையால், புதிய பங்குகளைத் தாராளமாக வழங்க இயலாது. ஆகவே பெரும்பகுதியைக் கடன்பட்டே வாங்கியது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் 200 யூரோவைத் தாண்டியிருந்த அதன் பங்கு விலை, 2002ஆம் ஆண்டு செப்டெம்பரில் 10 யூரோவுக்குக் கீழே வீழ்ந்தது. அவ்வாண்டின் நட்டம் ஏறத்தாழ 2,070 கோடி யூரோ. கடன் சுமை ஏறத்தாழ 7,000 கோடி யூரோ. கம்பி இழுத்தோர் எவரும் இக்கடனைப் படவில்லை. தொலைபேசியில் பதிலளித்த பெண்கள் எவரும் ஒரேஞ்சை வாங்குமாறு கேட்கவில்லை. அரசும் வங்கிகளும் நிர்வாகக் குழுவும் கூடி எடுத்த தீர்மானம் அது. 2004ஆம் ஆண்டு செப்டெம்பரில் அரசின் பங்கு அரைவாசிக்கும் கீழாகக் குறைக்கப்பட்டது.

* * *

அடுத்து வந்ததே எமது ஆராய்ச்சியின் மையப் பொருள். 2005ஆம் ஆண்டில் டிடியே லொம்பார் தலைமை நிர்வாகியானார். 2006 முதல் 2008 வரையான மூன்றாண்டுகளில், ஏறத்தாழ 120,000 ஊழியருள் 22,000 பேர் வெளியேற வேண்டும், 10,000 பேர் தொழில் மாற வேண்டும் என்பது திட்டம். ஆயின் அரசாங்க உத்தியோகத்தரை ஆட்குறைப்புச் செய்யச் சட்டம் இடந்தராது. விலக்க முடியாதவரைத் தாமாக விலகச் செய்வதெப்படி? இக்கேள்விக்கு விடையாகவே 'முகாமைத்துவம்' என்ற பெயரில் ஒரு முறைமை உருவாயிற்று. கதவு வழியாகவோ யன்னல் வழியாகவோ எவ்வாறேனும் அவர்களை வெளியேற்றுவேன் என்ற கருத்தில் லொம்பார் 2006ஆம் ஆண்டு ஒக்டோபரில் மேல்நிலை உத்தியோகத்தர் கூட்டத்தில் பேசியது பின்னர் நீதிமன்றத்தில் முக்கிய சான்றாயிற்று.

முறைமை எளிமையானது. இருபதாண்டு இயந்திரங்களோடு பழகியவரைத் தொலைபேசி விற்பனை மேசைக்கு மாற்றுதல். வீட்டிலிருந்து தொலைவிலுள்ள ஊருக்கு இடமாற்றுதல். மேல்நிலையாளர் மூன்றாண்டுக்கு மேல் ஓரிடத்தில் தங்காதபடி செய்தல். சிலரை வேலையே கொடாது இருத்துதல். ஒரு பிரிவிலிருந்து எத்தனை பேர் வெளியேறினர் என்ற எண்ணிக்கையோடு அப்பிரிவின் முகாமையாளரது ஊக்கத்தொகை பிணைக்கப்பட்டது. இதற்கெனப் பயிற்சிப் பாடசாலையும் நடந்தது. அங்கே கற்பிக்கப்பட்ட பாடங்களில் ஒன்று எமது கருத்தை நெடுநேரம் ஈர்க்கின்றது. மரணத்தை எதிர்நோக்கும் நோயாளர் மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு எனும் படிகளைக் கடப்பதாக மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-றொஸ் 1969ஆம் ஆண்டு நூலில் எழுதினார். நோயாளரின் குரலை மருத்துவர் செவிமடுக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது அது. அதே படிகளை வளைகோடாக வரைந்து, தொழிலை இழக்கும் ஊழியனை அப்படிகளில் இறக்குவதெப்படி என முகாமையாளருக்குப் போதித்தனர். இரக்கத்தின் பொருட்டுப் பிறந்த அறிவு இரக்கமின்மையின் கருவியாயிற்று. எமது கல்லூரிகளில் உளவியல் படிப்போரும் படிப்பிப்போரும் இதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

விளைவு யாவரும் அறிந்தது. ஊழியர் பலர் நோயுற்றனர். பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். 2009ஆம் ஆண்டு ஜூலையில் மார்செய் நகரத்துத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர், தம் முடிவுக்குத் தொழிலே ஒரே காரணமென எழுதிவைத்துச் சென்றார். இத்துயரத்தை ஒரு 'மோஸ்தர்' என்ற சொல்லால் தலைமை நிர்வாகி செப்டெம்பரில் குறிப்பிட்டமை நாட்டையே கொதிக்கச் செய்தது. பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டார். 2010ஆம் ஆண்டில் அவர் பதவியிலிருந்து நீங்கினார். 2013ஆம் ஆண்டில் கம்பனி பிரான்ஸ் ரெலிகொம் என்ற பெயரையும் நீக்கிவிட்டு, தான் வாங்கிய கம்பனியின் பெயரையே, ஒரேஞ்ச் என்பதையே, சூடிக்கொண்டது. வாங்கியவன் தன் பெயரை இழந்து வாங்கப்பட்டதன் பெயரால் அழைக்கப்படும் இவ்விந்தையை எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்திருக்கமாட்டான்.

இங்கே நாம் முதலிற் கேட்ட கேள்விக்குத் திரும்பலாம். பழைய உத்தியோக மனப்பான்மையும் புதிய வணிக மனப்பான்மையும் மோதின என்று இதனை விளக்கியோர் உளர். மாற்றத்தை ஏற்காத பழமைவாதிகளென அவ்வூழியரைச் சித்திரித்தோரும் உளர். ஆயின், ஒரே தலைமுறையில் நாட்டின் தொலைபேசியை ஐந்து மடங்காக்கியோர் மாற்றத்துக்கு அஞ்சியவரா? அவர்கள் எதிர்த்தது மாற்றத்தையன்று. தம் அறிவையும் நாணயத்தையும் செல்லாக்காசாக்கியதை. இதனைக் கலாசார மோதல் என்று அழைப்பது, அடிப்பவனையும் அடிபடுபவனையும் சம தட்டில் நிறுத்தும் தந்திரமன்றி வேறில்லை.

* * *

இவ்வனுபவம் பிரெஞ்சு இலக்கியத்தில் எவ்வாறு பதிவாயிற்று? இரு நூல்களை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். தியெரி பைன்ஸ்தாஞ்செல் தாமே தொலைபேசித் துறையில் உத்தியோகம் பார்த்த எழுத்தாளர். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நாவலின் பெயரைக் 'காட்டுச் சொற்களுக்கு மீளல்' எனத் தமிழிற் கூறலாம். ஐம்பது வயதையடுத்த, கைத்தொழில் பழகிய ஒருவன் தொலைபேசி விற்பனை மேசைக்கு மாற்றப்படுகிறான். அங்கே தன் பெயரைக்கூட அவன் வைத்துக்கொள்ள முடியாது. வாடிக்கையாளரோடு பேச வேறொரு பெயர் தரப்படுகின்றது. திரையில் தோன்றும் வாக்கியங்களை வாசிப்பதே அவன் பணி. கை மறந்த வேலையை வாய் செய்கின்றது. வாய் பேசும் சொல்லோ அவனுடையதன்று. உழைப்பிலிருந்து உழைப்பவன் அந்நியப்படுதல் என்று நாம் வகுப்பறைகளிற் சூத்திரமாக ஒப்புவிக்கும் கருத்தை, இந்நாவல் ஒரு மனிதனின் நாவிலும் விரலிலும் காட்டுகின்றது. அது அதன் வெற்றி. அதன் குறையும் உடன் சொல்லப்பட வேண்டும். விதியை மீறி ஒரு வாடிக்கையாளருக்கு மனிதனாக உதவ முனையும் கதாநாயகனின் மீட்சி பெரிதும் அவன் தனி நெஞ்சுக்குள்ளேயே நிகழ்கின்றது. பக்கத்து மேசையில் இருந்தோர் நிழல்களாகவே நின்றுவிடுகின்றனர்.

மற்றது சந்திரா லுக்பேர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல். 'துப்பாக்கியை எவரும் எடுப்பதில்லை' என்பது அதன் பெயரின் பொருள். 2019ஆம் ஆண்டு நடந்த வழக்கை நேரிற் கண்டு எழுதப்பட்டது. அவரது வாதம் கூர்மையானது: குற்றஞ்சாட்டப்பட்டோர் பேசிய கணக்கு மொழியும், அவர்களை விசாரித்த உலகத்தின் மொழியும் ஒன்றே, தான் எந்த மொழிக்குள் வாழ்கின்றதோ அந்த மொழியை ஒரு நீதிமன்றம் எவ்வாறு தண்டிக்கும்? மொழியே ஆயுதமாகிவிட்டமையால் துப்பாக்கிக்கு அவசியமில்லை. இந்நூல் எமக்கு உடன்பாடானது. இலக்கியவாதியின் கருவிகளைக் கொண்டு கம்பனி அறிக்கையை வாசிக்கலாம் என்பதற்கு அது முன்மாதிரி.

ஆயினும் ஓரிடத்தில் நாம் அவரிடமிருந்து விலகுகின்றோம். அம்மொழி எங்கும் நிறைந்தது, அதற்கு வெளியே இடமில்லை என்ற எண்ணம் வாசகனுக்கு ஏற்படுமாயின், அது வரலாற்றுக்கு ஒவ்வாது. 2007ஆம் ஆண்டில், பத்திரிகைகள் விழித்துக்கொள்ளுமுன்னரே, இரு தொழிற்சங்கங்கள் இணைந்து மன அழுத்தத்தையும் கட்டாய இடமாற்றத்தையும் பதிவுசெய்யும் அவதான நிலையமொன்றை அமைத்தன. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் தொழிற்சங்கம் முறைப்பாடு செய்தது. 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில் தொழிற் பரிசோதகர் சில்வி கற்றலா, நிகழ்ந்தவை தனிமனிதப் பலவீனங்களல்ல, நிர்வாக முறைமையின் விளைவுகள் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதி அரச வழக்குத்தொடுநரிடம் அனுப்பினார். வழக்கின் ஒவ்வொரு நாளையும் ஓர் எழுத்தாளரோ கலைஞரோ ஆய்வாளரோ பதிவுசெய்ய வேண்டுமெனத் தொழிற்சங்கத்தார் ஒழுங்குசெய்தனர். அப்பதிவுகள் பின்னர் நூலாயின. கம்பனி 'இயங்குநிலை' என்றதைத் தொழிலாளர் 'கட்டாய இடமாற்றம்' என்றனர். கம்பனி 'இயல்பான வெளியேற்றம்' என்றதை அவர்கள் 'துரத்தல்' என்றனர். ஒரு சொல்லுக்கு எதிராக இன்னொரு சொல்லை நிறுத்துவது சிறு காரியமன்று. பெயர் மாறியவுடன் குற்றம் கண்ணுக்குத் தெரிந்தது.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆந் திகதி பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 39 பேரின் விடயம் விசேடமாக ஆராயப்பட்டது. அவர்களுள் 19 பேர் உயிர் நீத்தோர், 12 பேர் உயிர்நீக்க முயன்றோர், 8 பேர் கடும் மனநோய்க்கு ஆளானோர். கம்பனிக்கு 75,000 யூரோ அபராதம். லொம்பாருக்கும் வேறிரு மேலதிகாரிகளுக்கும் ஓராண்டுச் சிறை, அதில் எட்டு மாதம் ஒத்திவைப்பு, 15,000 யூரோ அபராதம். பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடும் விதிக்கப்பட்டது. கம்பனி மேன்முறையீடு செய்யவில்லை. 2022ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் லொம்பாரின் குற்றத்தை உறுதிசெய்து, சிறைத்தண்டனை முழுவதையும் ஒத்திவைத்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி பிரான்சின் உச்ச நீதிமன்றம், ஒரு நிறுவனத்தின் கொள்கையே ஊழியரைத் துன்புறுத்தும் குற்றமாகலாம் என்பதை இறுதியாக நிலைநாட்டியது.

கணக்குப் பார்ப்போம். சட்டம் அனுமதித்த உச்ச அபராதமே அந்த 75,000 யூரோ. ஒரேஞ்சை வாங்கக் கொடுத்த 4,000 கோடி யூரோவோடு ஒப்பிட்டால், அது ஐந்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதனைக் கண்டு நீதி கிடைக்கவில்லை என்பாரும் உளர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். தொகை அற்பமானதுதான், ஆயின் நிலைநாட்டப்பட்ட கொள்கை அற்பமானதன்று. தனித்தனியே பலவீனர் எனப் பழிக்கப்பட்ட மனிதருக்கு, 'உங்களிற் குறையில்லை. உங்களுக்குச் செய்யப்பட்டதே குற்றம்' என்று ஒரு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கூறிற்று. பதினைந்தாண்டுக் கூட்டுப் போராட்டத்தின் பேறு அது.

* * *

இவை தொலைதூரத்துச் செய்திகளென எமது வாசகர் எண்ணலாகாது. இந்நாட்டின் தொலைத்தொடர்புத் திணைக்களம் 1991ஆம் ஆண்டில் கூட்டுத்தாபனமாயிற்று. 1996ஆம் ஆண்டில் கம்பனியாயிற்று. 1997ஆம் ஆண்டில் அதன் 35 சதவீதப் பங்கும் முகாமைத்துவப் பொறுப்பும் யப்பானின் என்.ரி.ரி. நிறுவனத்துக்குச் சென்றன. 2008ஆம் ஆண்டில் அப்பங்குகள் மலேசிய முதலீட்டாளர் கைக்கு மாறின. 2016ஆம் ஆண்டு டிசம்பரில், அங்கு ஆண்டுக்கணக்காக வேலை செய்தும் நிரந்தர நியமனம் பெறாத மனிதவலு ஒப்பந்தத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரே கம்பத்தில் இருவர் ஏறுகின்றனர். ஒருவன் ஊழியன், மற்றவன் ஒப்பந்தக்காரனின் ஆள். இவர்களுக்கிடையில் நிற்பது மொழியா, மதமா, கலாசாரமா? சம்பளச் சீட்டு ஒன்றே. 2023ஆம் ஆண்டில் அரசு தன்வசம் எஞ்சியிருந்த பங்குகளையும் விற்க முற்பட்டது. பின்னர் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டில் டயலொக், எயார்ரெல் லங்கா கம்பனிகள் ஒன்றாயின. கைமாற்றங்கள் இனியும் வரும்; அவற்றோடு 'ஒருங்கிணைந்த கலாசாரம்' என்ற அழகிய சொல்லும் வரும்.

அவ்வேளையில் ஆசிரியரும் மாணவரும் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. வாங்கிய பணம் எவருடைய கடன்? அக்கடனை அடைக்கப் போவோர் யார்? வெளியேறுவோர் எத்தனை பேர், அவர்களை வெளியேற்றுவோருக்குக் கிடைக்கும் கொடை எவ்வளவு? தொழில் தெரிந்தவனிடம் எவரேனும் கருத்துக் கேட்டனரா? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னரும் கலாசார மோதல் என்று ஏதேனும் எஞ்சுமாயின், அதனை ஆராய நாமும் ஆயத்தமாயிருக்கிறோம்.

எழுத்தாளருக்கும் ஒரு சொல். தோட்டத்து மலையையும் வயலையும் கடலையும் எமது கதைகள் அறியும். கம்பி இணைப்பவனையும், காதிற் கருவி பூட்டி இரவு முழுவதும் பிறர் எழுதிய வாக்கியத்தைப் பேசும் பெண்ணையும் அவை இனி அறிய வேண்டும். அவர்களது வாயில் திணிக்கப்பட்ட சொல்லை அகற்றி, அவர்களது சொந்தச் சொல்லைக் கேட்கச் செய்வதினும் உயர்ந்த பணி இன்றைய யதார்த்த இலக்கியத்துக்கு இல்லை. கலாசாரம் என்ற சொல்லை நாம் கணக்குப் புத்தகத்திலிருந்து மீட்டாக வேண்டும். அது உழைப்போரின் சொத்து.